திருவாளர் பெரும்புருவம், ஜாவா!

"உனக்கு மட்டும் என்ன ரெண்டு கொம்பா முளைச்சிருக்கு?"

லீவு கேட்டாலும் சரி, சம்பள உயர்வு கேட்டாலும் சரி, நம்ம ஆபீஸ்களில் மேலதிகாரிகள் கைவசம் வைத்திருக்கும் கேள்வி இது. இதற்கு இதுவரை எந்த குமாஸ்தாவும் பதில் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. ஆனால் இந்தோனேஷியாவின் ஜாவாத் தீவில், ஒரு மலைக்காட்டில், காய்ந்த சருகுகளுக்கு நடுவே ஒரு ஆசாமி உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் இதே கேள்வியைக் கேட்டால், "ஆமாம் சார், முளைச்சிருக்கு. பாத்தா தெரியலை?" என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஆசாமி ஒரு தவளை. இரண்டு கண்ணுக்கும் மேலே ஆளுக்கொன்றாக இரண்டு கொம்பு.

கொம்பு என்றதும் மாட்டுக் கொம்பு, மான் கொம்பு ரேஞ்சில் கற்பனை பண்ண வேண்டாம். எலும்பு சமாச்சாரமே இல்லை. வெறும் தோல். மேல் இமை நீண்டு, நுனியில் கூர்மையாக நிற்கிறது, அவ்வளவுதான். யாரையும் முட்டித் தள்ளுவதற்காக அல்ல, யார் கண்ணிலும் படாமல் இருப்பதற்காக ஏற்பட்ட கொம்பு. சருகுக் குவியலில் உருண்டையாக இரண்டு கண் தெரிந்தால் பாம்புக்குச் சந்தேகம் வந்துவிடும். அதே கண்ணுக்கு மேல் இலை நுனி மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால்? 'ஏதோ இலை' என்று போய்விடும். முதுகில் இலை நரம்பு போலவே மெல்லிய மடிப்புக் கோடுகள். நிறம், மக்கிப்போன இலையின் பழுப்பு. நீங்கள் அதை மிதிக்கும் வரை அது தவளை என்று உங்களுக்குத் தெரியாது. மிதித்த பிறகு தெரிந்து இருவருக்கும் பிரயோஜனமில்லை.

அடுத்த லீவில் ஊட்டியில் தேடிப் பார்க்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்தக் குடும்பமே கிடையாது. தென் அமெரிக்காவிலும் கொம்புத் தவளைகள் உண்டு, ஆனால் அவை வேறு வம்சம். கொம்பு இருக்கிற எல்லோரும் சொந்தக்காரர்கள் ஆகிவிட முடியாது.

நம்ம ஜாவாக்காரரின் விஞ்ஞானப் பெயர் மெகோஃப்ரிஸ் மோன்டானா. பயமுறுத்துகிற பெயர்தான். ஆனால் பிரித்துப் பார்த்தால் அப்படியே நம்ம ஊர் பட்டப்பெயர். மெகோஃப்ரிஸ் என்றால் கிரேக்க மொழியில் பெரிய புருவம். மோன்டானா என்றால் லத்தீனில் மலையைச் சேர்ந்தது. ஆக, திருவாளர் மலைப் பெரும்புருவம்!

இந்தப் பெயரை முதலில் உலகத்துக்குச் சொன்னது ஏதோ தலையணை சைஸ் விஞ்ஞானப் புத்தகம் என்று நினைத்தால் அதுதான் இல்லை. ஹாலந்தில் அந்தக் காலத்தில் வந்துகொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகை! கலை, இலக்கியம், அறிவியல் எல்லாம் கலந்து வந்த அந்தப் பத்திரிகையின் 1822ஆம் வருஷத்து இதழில், ஜாவாவிலிருந்து வந்த கடிதங்களிலிருந்து சில பகுதிகளைப் பிரசுரித்தார்கள். அதில்தான் நம்ம ஆளின் ஜாதகம் இருந்தது. இன்றைக்கும் தவளை ஆராய்ச்சிக்காரர்கள் இந்தப் பெயரை எழுதும்போது பக்கத்தில் "கூல், வான் ஹாசெல்ட், 1822" என்று போட்டே ஆக வேண்டும். வாரப் பத்திரிகை என்றால் பஜ்ஜி மடிக்கத்தான் ஆகும் என்று சொல்பவர்கள் கவனிக்க.

அந்தக் கடிதங்களை எழுதியவர்கள் யார்?

ஹெய்ன்ரிக் கூல், ஜெர்மனியின் ஹனாவ் நகரத்துப் பையன். யோஹான் வான் ஹாசெல்ட், டச்சுக்காரர். இரண்டு பேரும் 1797ல் பிறந்தவர்கள். ஹாலந்தில் க்ரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் படித்த நண்பர்கள். ஜாவா அப்போது டச்சுக்காரர்கள் ஆட்சியில் இருந்தது. அங்கே என்னென்ன பிராணிகள் இருக்கின்றன என்று பட்டியல் போட ஆள் தேவைப்பட்டது. இரண்டு பேரும் கப்பல் ஏறினார்கள். 1820 டிசம்பரில் ஜாவாவில் இறங்கும்போது இருவருக்கும் வயது 23.

நம்மில் பல பேர் 23 வயதில் எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் கார்டைப் புதுப்பித்துக்கொண்டிருப்போம். இவர்கள் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். ஒரு வருஷம் கூட முடியவில்லை. அதற்குள் லைடன் மியூசியத்துக்கு அனுப்பிய சரக்கு: 200 எலும்புக்கூடுகள், 65 வகைப் பாலூட்டிகளின் 200 தோல்கள், 2,000 பறவைத் தோல்கள், 1,400 மீன்கள், 300 ஊர்வனவும் தவளைகளும். பூச்சிகள் தனி. சாராயத்தில் ஊறவைத்து, ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டி, பெட்டியில் அடுக்கி, கப்பலில் ஏற்றி... கொரியர் கிடையாது, போன் கிடையாது, மலேரியாவுக்கு மட்டும் பஞ்சமில்லை.

அவர்கள் தங்கியிருந்த ஊருக்கு டச்சுக்காரர்கள் வைத்திருந்த பெயர் பாய்டன்ஸோர்க். அர்த்தம் 'கவலை இல்லாத இடம்'. இன்றைய போகோர் நகரம். சுற்றிலும் மலை, நல்ல குளிர்ச்சி, கவர்னர் ஜெனரலின் மாளிகை, 1817ல் தொடங்கிய தாவரவியல் பூங்கா. பெயருக்கு ஏற்ற ஊர்தான்.

கூல் அந்தக் கவலையில்லா ஊரில் 1821 செப்டம்பர் 14ஆம் தேதி செத்துப்போனார். ஈரல் நோய், சீதோஷ்ணமும் ஓயாத அலைச்சலும் சேர்ந்து செய்த வேலை. இன்னும் மூன்று நாள் இருந்திருந்தால் 24ஆவது பிறந்தநாள். நண்பரைப் புதைத்துவிட்டு வான் ஹாசெல்ட் வேலையைத் தொடர்ந்தார். இரண்டு வருஷம். 1823 செப்டம்பர் 8ஆம் தேதி அதே ஊரில் அவரும் போனார். வயது 26. அவர்களுக்குப் பிறகு 1825ல் அனுப்பப்பட்ட ஹெய்ன்ரிக் போய் என்ற தவளை, பாம்பு நிபுணரும் 1827ல் அங்கேயே முடிந்தார். போகோர் பூங்காவுக்குள் இருக்கும் பழைய டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் இந்தப் பையன்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது.

கணக்குப் பார்த்தால், மெகோஃப்ரிஸ் என்ற பெயர் அச்சில் வந்தபோது அதை வைத்த இருவரில் ஒருவர் உயிரோடு இல்லை.

சரி, பெயர் வைத்தாயிற்று. அத்தோடு சுபம் போட்டிருக்கலாம். போட விட்டார்களா?

சுமத்ராவில் கொம்பு வைத்த தவளை ஒன்று கிடைத்தது. போர்னியோவில் கிடைத்தது. மலேயாவில் கிடைத்தது. பிலிப்பைன்ஸிலும் கிடைத்தது. 1858ல் லைடன் மியூசியத்து ஹெர்மன் ஸ்லேகெல், கொம்பு போதாதென்று மூக்கு நுனியிலும் தோல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தவளைக்கு 'நாசூட்டா' என்று பெயர் வைத்தார். தமிழில் சொன்னால் மூக்கன். ஜாவாக்காரருக்கு மூக்கில் இந்த நீட்டல் கிடையாது. 1920ல் அமெரிக்கரான எட்வர்ட் டெய்லர் பிலிப்பைன்ஸ் தவளைகளுக்கு இரண்டு பெயர் கொடுத்தார். பலாவன் தீவுக்காரர் லிகாயே, மின்டனாவோ பக்கத்துக்காரர் ஸ்டைனகெரி.

பிறகு வந்த சில பெரியவர்கள் இந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே ஆளுங்கதான்யா... தீவுக்குத் தீவு கொஞ்சம் முகஜாடை மாறும், அவ்வளவுதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். மூக்கன், பலாவன்காரர், மின்டனாவோக்காரர் எல்லோரும் ஜாவாக்காரரின் உபகணக்குகள் ஆனார்கள். விளைவு? இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் புத்தகங்களைப் புரட்டினால் நம்ம பெரும்புருவம் தாய்லாந்திலும் இருந்தார், மலேசியாவிலும் இருந்தார், சுமத்ரா, போர்னியோ, பிலிப்பைன்ஸ் எல்லா இடத்திலும் இருந்தார். ஆள் ஒருத்தர், விலாசம் அரை டஜன்!

குழப்பத்துக்கு மேல் குழப்பம், பெயரிலும். ஜாவாத் தவளையைப் பழைய புத்தகங்கள் பலவற்றில் மோன்டானா என்பதற்குப் பதில் 'மான்டிகோலா' என்று எழுதியிருக்கிறார்கள். மான்டிகோலா என்றால் மலையில் குடியிருப்பவர். லண்டனில் ஆல்பர்ட் க்யூந்தர் 1864ல் டார்ஜிலிங் பக்கத்து இமயமலைத் தவளை ஒன்றுக்கும் அதே மான்டிகோலா பெயரைச் சூட்டினார். ஒரே ஆபீஸில் மலையப்பன் ஒருத்தர், மலைச்சாமி இரண்டு பேர் என்றால் டிஸ்பாட்ச் கிளார்க் என்ன பாடுபடுவார்?

'தவளைக்கு எந்தப் பேர் வெச்சா என்ன சார்? அதுவா வந்து ஆதார் கார்டு கேக்கப் போவுது?' என்று நீங்கள் நினைக்கலாம். பி.காம். படித்த எனக்கு இந்த விஷயத்தில் ரத்தம் கொதிப்பதற்குக் காரணம் இருக்கிறது.

ஒரு கம்பெனியில் எஸ்.குமார் என்று நாலு பேர். நாலு பேரின் பி.எஃப்.ஐயும் பெயர் ஒற்றுமை காரணமாக ஒரே கணக்கில் வரவு வைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கைப் பார்த்தால் எஸ்.குமார் பெரிய பணக்காரர். லட்சக்கணக்கில் பாக்கி நிற்கிறது. "இவருக்கென்ன குறைச்சல்? லோன் எதுக்கு?" என்பார் அதிகாரி. ஆனால் நாலு பேரில் ஒரு குமார் போன வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்தவர். அவர் பங்கு சில ஆயிரம்தான். அவர் பட்டினி கிடந்தாலும் கணக்குப் புத்தகம் அதைக் காட்டாது. மொத்தத் தொகை டாலடிக்கும். டிரையல் பேலன்ஸ்கூட அழகாக டாலி ஆகும்!

தவளைக் கணக்கிலும் இதேதான். ஆறு இடத்தில் இருக்கிற பிராணி என்றால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். இங்கே காடு போனால் அங்கே இருக்கு. ஆனால் அங்கே இருப்பது வேறு ஆள் என்றால்?

எனவே குமார்களைப் பிரிக்கும் வேலை தொடங்கியது. எப்படிப் பிரிக்கிறார்கள் என்பது சுவாரஸ்யம்.

முதலில் ஸ்கேல். தலை அகலம், கால் நீளம், கண்ணுக்கும் மூக்குக்கும் உள்ள தூரம், எல்லாம் மில்லிமீட்டரில். முதன்முதலில் பெயர் வாங்கின தவளையின் உடல் ஏதாவது ஒரு மியூசியத்தில் ஜாடியில் இருக்கும். 'மூலப்பத்திரம்' மாதிரி அது. புதிதாகப் பிடித்ததை அதோடு ஒப்பிட வேண்டும். சாராயத்தில் பல வருஷம் கிடந்து நிறமெல்லாம் போயிருக்கும். இருந்தாலும் சட்டப்படி அதுதான் செல்லும்.

அடுத்தது குரல். தவளை தன் வாயாலேயே கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? ராத்திரியில் ஓடைக்கரையில் மைக்கோடு உட்கார்ந்து, ஆண் தவளை கூப்பிடுவதைப் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் போட்டு அலை அலையாகப் பிரிக்கிறார்கள். பெண் தவளை தன் இனத்துக் குரலுக்குத்தான் வரும். நாம் ஏமாந்தாலும் அது ஏமாறாது.

மூன்றாவது தலைப்பிரட்டை. இந்தக் குடும்பத்துக் குழந்தைகள் விசேஷமானவை. வாய் புனல் மாதிரி மேல்நோக்கி விரிந்திருக்கும். குடையைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி வாயைத் தண்ணீரின் மேல்மட்டத்தில் விரித்து, உடம்பைக் கீழே தொங்கவிட்டு, மிதந்து வருகிற துணுக்குகளை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். உட்கார்ந்த இடத்தில் சாப்பாடு!

கடைசியாக டி.என்.ஏ. இதில்தான் பல பேர் வண்டவாளம் வெளியே வந்தது. ஒரே முகம், ஒரே கொம்பு, ஒரே பழுப்பு நிறம். ஆனால் பரம்பரை லட்சக்கணக்கான வருஷங்களாகத் தனித்தனி. வெளியே ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம் சிம்பிள். எல்லோரும் ஒளிந்திருப்பது ஒரே மாதிரி சருகில். எந்த ஊர் ஆபீஸ் போனாலும் யூனிஃபார்ம் காக்கி என்றால் வாட்ச்மேன்கள் எல்லாம் அண்ணன் தம்பி ஆகிவிடுவார்களா?

பிரித்ததில் என்ன ஆயிற்று?

மூக்கன் நாசூட்டா தனிக் குடித்தனம் போனார். தெற்குத் தாய்லாந்து, மலேசியத் தீபகற்பம், சிங்கப்பூர், சுமத்ரா, போர்னியோ எல்லாம் அவர் ராஜ்ஜியம். சிங்கப்பூர் மாதிரி கான்கிரீட் நகரத்தில்கூட புக்கிட் திமா காட்டில் அவர் குரல் கேட்கும். அண்மை ஆய்வுகள் அவரை மெகோஃப்ரிஸ் என்ற குடும்பப் பெயரிலிருந்தே விலக்கி, பெலோபட்ராகஸ் என்ற பெயருக்கு மாற்றிவிட்டன. இனிஷியலே மாறிப்போச்சு! பிலிப்பைன்ஸ்காரர்கள் இருவரும் தனித் தனி இனங்களாக மீண்டும் அங்கீகாரம் பெற்றார்கள்.

சுமத்ராவில் இன்னும் தோண்டினார்கள். 2005ல் இங்கரும் இந்தோனேஷிய விஞ்ஞானி ஜோகோ இஸ்கந்தரும் மேற்கு சுமத்ராவிலிருந்து 'பாரலெலா' என்ற புது இனத்தை அறிவித்தார்கள். 2018ல் முனீர் என்ற இளம் இந்தோனேஷிய ஆய்வாளரும் கூட்டாளிகளும் தென்மேற்கு சுமத்ராவிலிருந்து 'லான்சிப்' என்று ஒன்றை. லான்சிப் என்றால் அவர்கள் மொழியில் கூர்மை. 2021ல் ஆச்சே பகுதியிலிருந்து 'ஆச்சேயென்சிஸ்'. லத்தீனில் பெயர் வைக்க ஐரோப்பியர்கள் கப்பலேறி வந்த தீவில், இன்றைக்கு அந்த ஊர்ப் பிள்ளைகளே தங்கள் சொந்த மொழியில் பெயர் வைக்கிறார்கள். படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது.

நம்ம நாட்டிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. வடகிழக்கு மாநிலங்களில் 'மேஜர்' என்ற ஒரே பெயரில் வலம் வந்துகொண்டிருந்த பெரிய கொம்புத் தவளைகளை, 'தவளை மனிதர்' எஸ்.டி.பிஜு உள்ளிட்ட குழு ஆராய்ந்து 2018ல் ஒரே கட்டுரையில் நாலு புது இனங்களை அறிவித்தது. அதில் மேகாலயாவின் காரோ மலைக்காரர் ஒருவருக்கு வைத்த பெயருக்கு 'மலையில் மறைந்திருந்தவர்' என்று அர்த்தம். சரியான பெயர். கண்ணெதிரே உட்கார்ந்திருந்தும் இத்தனை நாள் வேறொருவர் பெயரில் அல்லவா மறைந்திருந்தார்?

எல்லோரும் அவரவர் பங்கைப் பிரித்துக்கொண்டு போன பிறகு, மூலக் கணக்குக்காரரான நம்ம மோன்டானாவுக்கு மிச்சம் என்ன? ஜாவா. ஒரே ஒரு தீவு.

அந்தத் தீவு எப்பேர்ப்பட்டது தெரியுமா? பரப்பளவு கிட்டத்தட்ட நம்ம தமிழ்நாடுதான். ஜனத்தொகை 2020 சென்சஸ்படி 15 கோடிக்கு மேல்! சமவெளியெல்லாம் நெல்வயல், நகரம், ஃபாக்டரி. மலைச்சரிவில் காபி, தேயிலை. பழைய காடு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் எரிமலைகளின் தோள்களில்தான். கெடே, பாங்ராங்கோ, ஹாலிமுன், சாலக் என்று ஒவ்வொரு மலையும் ஜனசமுத்திரத்துக்கு நடுவில் ஒரு குட்டித் தீவு. ஒரு மலைத் தவளை இன்னொரு மலைக்குச் சம்பந்தம் பேசப் போக வேண்டுமானால் நடுவில் நெடுஞ்சாலை, மார்க்கெட், பஸ் ஸ்டாண்டு எல்லாம் தாண்டியாக வேண்டும். ஈரத்தோல்காரரால் ஆகிற காரியமா?

இதற்காக ஒப்பாரி வைக்க வேண்டிய நிலைமை இப்போது இல்லை. சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கமான ஐ.யு.சி.என். பட்டியலில் மோன்டானா இன்னும் 'கவலை குறைந்தது' என்ற வகுப்பில்தான் இருக்கிறது. 1980ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கெடே பாங்ராங்கோ மாதிரி இடங்கள் அதற்குப் பாதுகாப்பு. ஆனால் 'ஆறு இடத்தில் இருக்கிறார், விடு' என்பதற்கும், 'இந்த ஒரு தீவின் மலைகளில்தான் இருக்கிறார், பார்த்துக்கொள்' என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இனிமேல் ஜாவாவில் ஒரு சரிவுக் காடு போனால் அது யார் கணக்கில் பற்று என்று தெரியும். எஸ்.குமாரின் உண்மையான பாக்கி எவ்வளவு என்று தெரிந்த பிறகுதான் அவருக்கு என்ன உதவி தேவை என்று பேசவே முடியும்.

அதனால்தான் ஸ்கேலும் மைக்குமாக ராத்திரி பூரா ஓடைக்கரையில் உட்காருகிறவர்களைப் பார்த்து, 'வேற வேலை இல்லையா?' என்று கேட்க எனக்கு மனசு வருவதில்லை. காட்டுக்கு அவர்கள்தான் ஆடிட்டர்கள்.

முதலில் கணக்கு எழுதின அந்த இரண்டு பையன்களுக்கு என்ன கிடைத்தது? ஹாசெல்ட் பெயரில், நம்ம ஆளின் அதே குடும்பத்தில், அதே ஜாவாவில் ஒரு தவளை இருக்கிறது. கூல் பெயரில் ஒரு வௌவால், ஒரு திருக்கை மீன், ஒரு பறக்கும் பல்லி இருக்கின்றன. போதாதென்று ஒரு குட்டி மீனும். மஞ்சளும் கறுப்பும் பட்டை போட்டு, புழு மாதிரி நெளிந்துகொண்டே இருக்கும் அந்த மீனை அலங்கார மீன் கடைகளில் நீங்களே பார்த்திருக்கலாம். கடைக்காரர் அதைக் 'கூலி லோச்' என்பார்.

அது வேலை செய்ததற்கு வாங்கும் கூலி இல்லை சார், ஹெய்ன்ரிக் கூல். அப்படியே வைத்துக்கொண்டாலும் தப்பில்லை. 23 வயதில், வேலை பார்த்த இடத்திலேயே கண்ணை மூடிய பையனுக்குக் கடைசியில் கிடைத்த கூலி அதுதான்.